வயிற்றுக்குள் ஒரு சமையற்கட்டு

மதிய உணவு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம். சாம்பார் சாதமோ தயிர் சாதமோ, அவசர அவசரமாக உண்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு விளையாட ஓடிவிடுகிறோம். உண்ட உணவு என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? பிற்பகல் வகுப்பில் நாம் வரலாறும் கணிதமும் படித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், நமது வயிற்றுக்குள் ஓசையே இல்லாமல் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. அம்மா அடுப்பில் சமைத்து அனுப்பிய உணவை, நமது உடல் மீண்டும் ஒருமுறை தனக்கேற்றவாறு பக்குவம் செய்கிறது. நெருப்பில்லாத இந்தச் சமையலைச் செய்பவை எவை? அவைதாம் என்சைம்கள் எனப்படும் நொதிகள்.

நெருப்பில்லாத சமையல் என்று நாங்கள் கூறுவது வெறும் அலங்காரத்துக்காக அன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு வேதியியலார் புரதத்தை அதன் உறுப்புகளாகிய அமினோ அமிலங்களாகப் பிரிக்க விரும்பினால், கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, 110 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு முழு நாள் வைத்திருப்பது வழக்கம். அதே வேலையை நமது உடல் 37 டிகிரி வெப்பத்தில், சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. இந்த வியப்பின் காரணத்தை எல்லாருக்கும் விளங்கும்படி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் செரிக்க வேண்டும்?

நாம் உண்ணும் சோறு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றில் முறையே மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியன மிகுதியாக உள்ளன. இவை யாவும் பெரிய மூலக்கூறுகள். மாவுப்பொருள் என்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மணிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோக்கப்பட்ட நீண்ட மாலை. புரதமும் ஒரு மாலையே. ஆனால் அதில் இருபது வகையான அமினோ அமில மணிகள் மாறி மாறிக் கோக்கப்பட்டிருக்கும். கொழுப்போ கிளிசரால் என்னும் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் அமைப்புடையது.

குடலின் சுவர் ஒரு குறுகிய வாயில் போன்றது. மாலையோடு அதனுள் நுழைய முடியாது. மணிகளை ஒவ்வொன்றாக உதிர்த்தால்தான் உள்ளே விடும். உள்ளே சென்ற மணிகள் இரத்தத்தில் கலந்து, உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் போய்ச் சேருகின்றன. அங்கே உடல் தனக்கு வேண்டிய புது மாலைகளைக் கோத்துக்கொள்கிறது. பருப்பில் இருந்த அமினோ அமிலம் நமது தசையாகிறது. சோற்றில் இருந்த குளுக்கோஸ் நாம் ஓடவும் சிந்திக்கவும் ஆற்றலாகிறது. மாலையை அறுத்து மணியாக்கும் இவ்வேலைதான் செரிமானம்.

ஆராய்ந்தவர்களின் கதை

வயிறு உணவை அரைக்கிறதா, அழுக வைக்கிறதா, கரைக்கிறதா என்று முற்காலத்து அறிஞர்கள் பலவாறு வாதிட்டு வந்தனர். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ரெயோமூர் என்பவர் 1752-ஆம் ஆண்டில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். பருந்து தனக்குச் செரிக்காத பொருளைக் கக்கிவிடும் இயல்புடையது. அவர் சிறு உலோகக் குழாய்களில் இறைச்சித் துண்டை வைத்து, இருபுறமும் கம்பி வலையிட்டு, தாம் வளர்த்த பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாய் நசுங்கவில்லை; ஆனால் உள்ளே இருந்த இறைச்சி கரைந்திருந்தது. அரைக்க முடியாத குழாய்க்குள் இருந்த இறைச்சி எப்படிக் கரைந்தது? வயிற்றில் ஊறும் நீரே அதைக் கரைத்தது என்பது தெளிவாயிற்று.

இச்சோதனையை மேலும் வளர்த்தவர் இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கக் குருவான லாசரோ ஸ்பல்லன்சானி ஆவார். சட்டம் படிக்கப் பொலோனா நகருக்கு வந்த அவரை அறிவியலின் பக்கம் திருப்பியவர் அவருடைய உறவினராகிய லாரா பாசி என்னும் பெண்மணி. பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், 1732-ஆம் ஆண்டில் பொலோனா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியையாகவும் அமர்ந்தவர் அவர். ஸ்பல்லன்சானி பறவைகளையும் விலங்குகளையும் கொண்டு ஆராய்ந்ததோடு நிற்கவில்லை. சிறு துணிப் பைகளில் ரொட்டியையும் இறைச்சியையும் வைத்துத் தைத்து, அவற்றைத் தாமே விழுங்கினார். பைகள் உடலைக் கடந்து வெளிவந்தபோது துணி கிழியாதிருந்தது; உள்ளிருந்த உணவு மறைந்திருந்தது. இரைப்பை நீரை இறைச்சித் துண்டுடன் கண்ணாடிக் குழாயில் அடைத்து, உடலின் வெப்பம் கிடைக்க வேண்டுமென்று அக்குளில் மூன்று நாள் இடுக்கியே வைத்திருந்தார் என்றால், அவருடைய பொறுமையை என்னென்பது! வயிற்றுக்கு வெளியேயும் செரிமானம் நடக்கும், அதற்குச் சூடு வேண்டும் என்ற இரண்டு உண்மைகளும் அதனால் விளங்கின.

அடுத்த கதை சற்றே வருத்தம் தருவது. அமெரிக்காவில் ஹியூரான் ஏரியிலுள்ள மாக்கினாக் தீவில், 1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் கூலித் தொழிலாளியின் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. இராணுவ மருத்துவராகிய வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் வயிற்றில் உண்டான துளை மட்டும் மூடவேயில்லை. அந்தத் துளையின் வழியே போமான்ட் பட்டுநூலில் கட்டிய இறைச்சியையும் ரொட்டியையும் முட்டைக்கோசையும் இரைப்பைக்குள் இறக்கி, மணிக்கொருமுறை இழுத்துப் பார்த்தார். 1825-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1833-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது என்பதும், கோபம் கொண்ட மனிதனுக்குச் செரிமானம் கெடும் என்பதும் அதனால் உறுதிப்பட்டன. மருத்துவருக்குப் புகழ் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்தது சொற்பக் கூலியே. அவர் 1880-ஆம் ஆண்டில் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைத் தோண்டிவிடக் கூடாதென்று அஞ்சிய குடும்பத்தார் மிக ஆழமான குழியில் அடக்கம் செய்தனர். நாம் பாடநூலில் இரண்டு வரியில் படித்துவிடும் ஓர் உண்மைக்குப் பின்னே ஒரு மனிதனின் வேதனை இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

அமிலம் மட்டும் இறைச்சியைக் கரைப்பதில்லை, வேறொரு பொருளும் அதனுடன் இருக்கிறது என்று கண்டு, 1836-ஆம் ஆண்டில் அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான தியோடர் ஷ்வான். முளைவிட்ட பார்லியிலிருந்து மாவைச் சர்க்கரையாக்கும் பொருளை பயேன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1833-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்திருந்தனர். 1870-களில் வில்லியம் கியூன் என்ற அறிஞர் இத்தகைய பொருள்களுக்கெல்லாம் என்சைம் என்ற பொதுப் பெயரைச் சூட்டினார். ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

என்சைம் என்பது என்ன பொருளால் ஆனது என்ற கேள்விக்கு விடை கண்டவர் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர். இவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். 17-ஆம் வயதில் வேட்டை விபத்தொன்றில் அந்த இடக்கையையே இழந்தார். ஒரு கை இல்லாதவருக்கு வேதியியல் ஆகாது என்று பெரியோர் அறிவுரை கூறினர். அவரோ வலக்கையால் எழுதவும் சோதனைக் குழாயைக் கையாளவும் பழகினார். வாளவரையைச் சேர்ந்த ஓர் அவரை இனத்தின் விதையிலிருந்து யூரியேஸ் என்னும் என்சைமைப் பிரிக்க ஒன்பது ஆண்டுகள் உழைத்து, 1926-ஆம் ஆண்டில் அதைப் படிகமாக்கிக் காட்டினார். அப்படிகம் ஒரு புரதமாக இருந்தது. முதலில் நம்ப மறுத்த அறிஞர் உலகம் பின்னர் ஏற்றுக்கொண்டது; 1946-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. ஆர்.என்.ஏ. என்னும் பொருளில் சில வகைகளும் என்சைம்போல் வேலை செய்யும் என்று பிற்காலத்தில் தெரிய வந்தது. ஆயினும் நமது உணவைச் செரிக்கும் என்சைம்கள் எல்லாம் புரதங்களே.

பூட்டும் சாவியும்

என்சைம்கள் எவ்வாறு வேலை செய்கின்றன? ஒரு மலைக்கு இப்புறம் ஓர் ஊரும் அப்புறம் ஓர் ஊரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலையின் மேல் ஏறி இறங்கித்தான் செல்ல வேண்டுமென்றால் பலமுள்ள சிலரே செல்வர். மலையைக் குடைந்து ஒரு குகைப்பாதை அமைத்துவிட்டால், குழந்தையும் நடந்து போய்விடும். ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, வழிதான் எளிதாயிற்று. இரசாயன மாற்றங்களுக்கும் இத்தகைய ஒரு மலை உண்டு. வேதியியலார் அமிலத்தையும் நெருப்பையும் கொண்டு அந்த மலையை ஏறுகிறார். என்சைமோ குகைப்பாதை அமைத்துக் கொடுக்கிறது. ஆகவேதான் அதை வினையூக்கி என்கிறோம். வேலை முடிந்த பிறகு என்சைம் மாறாமல் அப்படியே இருக்கும். அடுத்த மூலக்கூறுக்கு உடனே தயாராகிவிடும்.

ஒவ்வொரு என்சைமின் மேற்பரப்பிலும் ஒரு குழிவு உண்டு. அக்குழிவில் பொருந்தும் மூலக்கூறு மட்டுமே உள்ளே அமர முடியும். இதைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டவர் எமில் ஃபிஷர், ஆண்டு 1894. நம் வீட்டுச் சாவியால் பக்கத்து வீட்டைத் திறக்க முடியாததுபோல, மாவுப்பொருளை வெட்டும் என்சைமால் புரதத்தை வெட்ட முடியாது. பின்னர் 1958-ஆம் ஆண்டில் டேனியல் கோஷ்லாண்ட் என்பவர் இவ்வுவமையைச் சற்றே திருத்தினார். என்சைம் இரும்புப் பூட்டைப்போல் விறைப்பானது அன்று. கையை நுழைத்ததும் கையின் வடிவத்துக்கு இசையும் கையுறையைப்போல், மூலக்கூறு வந்து அமர்ந்ததும் அதுவும் சிறிது வளைந்து இறுகப் பற்றிக்கொள்கிறது என்றார்.

இவற்றின் வேகமோ கற்பனைக்கு எட்டாதது. நமது இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் என்சைமின் ஒரு மூலக்கூறு, ஒரு நொடியில் ஏறக்குறைய 10 லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளைத் தண்ணீருடன் சேர்த்துவிடுகிறது. என்சைம்களின் வேகத்தைக் கணக்கிடும் சமன்பாடு 1913-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதைக் கண்ட இருவரில் ஒருவர் கனடா நாட்டுப் பெண் மருத்துவரான மாட் மென்டன். ஆராய்ச்சி செய்வதற்காக அட்லாண்டிக் கடலைக் கடந்து பெர்லின் நகருக்குச் சென்றவர் அவர். மிக்கேலிஸ்-மென்டன் சமன்பாடு என்ற பெயரில் அது இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

என்சைம்களுக்கு இரண்டு பத்தியங்கள் உண்டு. ஒன்று வெப்பம். குளிரில் மந்தமாகும்; உடற்சூட்டில் சுறுசுறுப்பாகும்; கொதிக்க வைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு உறைவதுபோல் உருக்குலைந்து, மீண்டும் குளிரச் செய்தாலும் பெரும்பாலும் பயன்படாது போகும். குளிர்ப்பெட்டியில் பால் கெடாமலிருப்பதற்கு ஒரு காரணம் கிருமிகளின் என்சைம்கள் அங்கே மந்தப்படுவதே. மற்றொன்று புளிப்பு அல்லது காரத்தன்மை. வாயின் என்சைமுக்கு நடுநிலை வேண்டும். இரைப்பையின் என்சைமுக்குக் கடும் புளிப்பு வேண்டும். குடலின் என்சைமுக்குச் சிறிது காரம் வேண்டும்.

வாயிலிருந்து சிறுகுடல் வரை

இனி ஒரு கவளம் சோற்றுடன் நாமும் பயணம் செய்வோம். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் நமது வாயில் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் என்னும் என்சைம் மாவுப்பொருளை மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டத் தொடங்குகிறது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனாலேயே. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிமார் கூறுவர். நூறு வயதுக்கு யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் உணவு எவ்வளவு பொடியாகிறதோ, அவ்வளவுக்கு என்சைம் தொடுவதற்குப் பரப்புக் கூடுகிறது என்பது உண்மை.

இரைப்பையில் கவளத்தை வரவேற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அங்கே உமிழ்நீரின் வேலை நின்று, பெப்சினின் வேலை தொடங்குகிறது. பெப்சின் புரத மாலையைச் சிறு துண்டுகளாக்குகிறது. இங்கே ஒரு கேள்வி எழலாம். இரைப்பையின் சுவரும் புரதத்தால் ஆனதுதானே, அதை ஏன் பெப்சின் தின்றுவிடவில்லை? விடை இரண்டு. பெப்சின் சுரக்கும்போது பெப்சினோஜென் என்ற வேலை செய்யாத வடிவத்தில், உறையிட்ட கத்திபோல் வெளிவருகிறது. அமிலம் பட்ட பிறகே உறை கழல்கிறது. மேலும் வழவழப்பான சளிப்படலம் ஒன்று சுவரைப் பூசி மறைத்துக் காக்கிறது.

அப்படலம் பழுதுபட்டால் குடற்புண் உண்டாகிறது. காரச் சாப்பாடும் கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியமே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980-களில் காட்டி, 2005-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். சில வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உண்பதும் மற்றொரு காரணம். அவ்வளவு அமிலத்தில் ஒரு கிருமி எப்படி உயிர் வாழ்கிறது? யூரியேஸ் என்னும் என்சைமால் தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி, அமிலத்தை முறித்துக்கொள்கிறது. ஆம், ஒற்றைக் கையால் சம்னர் படிகமாக்கினாரே, அதே வகை யூரியேஸ்தான்!

இரைப்பையைக் கடந்த உணவு கூழாகி, முன்சிறுகுடலை அடைகிறது. அங்கே கணையம் காரத்தன்மையுள்ள நீரைப் பொழிந்து புளிப்பைப் போக்குகிறது. அந்நீரில் மூன்று வகை வேலையாட்களும் உள்ளனர். எஞ்சிய மாவுப்பொருளுக்கு அமைலேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கைமோடிரிப்சின், கொழுப்புக்கு லிப்பேஸ். டிரிப்சினும் உறையிட்ட கத்தியாகவே கணையத்திலிருந்து புறப்படுகிறது. குடற்சுவரிலுள்ள வேறோர் என்சைம்தான் அதன் உறையைக் கழற்றுகிறது. ஏதேனும் காரணத்தால் உறை கணையத்துக்குள்ளேயே கழன்றுவிட்டால், கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்ளும் கொடிய நோய் உண்டாகிறது. பித்தக் கற்களும் மதுப்பழக்கமும் அந்நோய்க்கு முக்கியக் காரணங்கள்.

கல்லீரலில் ஊறும் பித்தநீரில் செரிக்கும் என்சைம் எதுவும் இல்லை. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு கழுவுவதுபோல், அது கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது. அதன் பிறகே லிப்பேஸால் எளிதில் வேலை செய்ய முடிகிறது. இறுதியாகக் குடற்சுவரின் மேலேயே பதிந்துள்ள மால்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ் முதலிய என்சைம்கள் கடைசி முடிச்சுகளை அவிழ்க்க, மணிகள் உள்ளே செல்கின்றன. ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்சுவர் கம்பளத்தைப்போல் எண்ணற்ற குடலுறிஞ்சிகளால் மூடப்பட்டிருப்பதால், உறிஞ்சும் பரப்பு பன்மடங்காகிறது.

கீரையிலும் காய்கறியிலும் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் மாலையே. ஆனால் அதன் முடிச்சை அவிழ்க்கும் என்சைம் மனிதனிடம் இல்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களிடம் உண்டு. ஆகவே வைக்கோல் மாட்டுக்குப் பாலாகிறது. நமக்கு அது நார்ச்சத்தாக இருந்து மலச்சிக்கலைத் தடுக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கண்டது

இதை நேரில் காண விரும்பி நாங்கள் ஓர் எளிய சோதனை செய்தோம். மிக நீர்த்த கஞ்சித் தண்ணீரை நான்கு சோதனைக் குழாய்களில் ஊற்றினோம். முதற் குழாயில் தண்ணீர், இரண்டாவதில் உமிழ்நீர், மூன்றாவதில் கொதிக்க வைத்த உமிழ்நீர், நான்காவதில் உமிழ்நீருடன் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தோம். நான்கையும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றிலும் அயோடின் துளி விட்டோம். மாவுப்பொருள் இருந்தால் அயோடின் கருநீலமாகும் என்பது நாம் அறிந்ததே. முதல், மூன்று, நான்காம் குழாய்கள் கருநீலமாயின. இரண்டாவது மட்டும் அயோடினின் பழுப்பு மஞ்சள் நிறத்திலேயே நின்றது. உமிழ்நீர் மாவை வெட்டுகிறது, கொதித்தால் வலிமை இழக்கிறது, அமிலத்தில் செயலற்றுப் போகிறது என்ற மூன்று பாடங்களை நான்கு குழாய்கள் கற்பித்துவிட்டன.

அடுக்களையில் என்சைம்கள்

நம் தாய்மார் வேதியியல் படிக்காமலேயே என்சைம்களை ஆண்டு வருகின்றனர். ஆட்டிறைச்சி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய்த் துண்டு சேர்ப்பர். காயின் பாலிலுள்ள பப்பெய்ன் என்சைம் இறைச்சியின் புரதத்தை வெட்டிவிடுகிறது. அன்னாசிப்பழம் தின்றால் நாக்கு எரிவதில் அதிலுள்ள புரோமலெய்ன் என்னும் என்சைமுக்கும் பங்குண்டு. நறுக்கிய வாழைப்பூவும் வாழைக்காயும் கறுப்பது, காற்றின் உதவியால் ஓர் என்சைம் செய்யும் வேலை. மோரில் போட்டால் காற்று தடைப்படுவதோடு, புளிப்பு அந்த என்சைமையும் அடக்கிவிடுகிறது. இட்லி மாவு இரவில் பொங்குவது பாக்டீரியாக்கள் தம் என்சைம்களால் சர்க்கரையைப் புளிக்க வைத்துக் கரியமில வாயுவை வெளியிடுவதாலேயே.

இவற்றுள் மிகவும் பயனுள்ளது முளைகட்டிய கேழ்வரகு மாவு. தானியம் முளைவிடும்போது, சேமித்த மாவைச் சர்க்கரையாக்கி இளம் பயிருக்கு ஊட்டுவதற்காக அமைலேஸை மிகுதியாக உண்டாக்குகிறது. சாதாரண மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகும். கெட்டிக் கஞ்சியைக் குழந்தையால் விழுங்க முடியாதென்று தாய் தண்ணீர் ஊற்றி நீர்க்க விடுகிறாள். குழந்தையின் வயிறோ மிகச் சிறியது. அது தண்ணீராலேயே நிரம்பிவிடுகிறது. வயிறு நிறைந்தும் குழந்தை மெலிகிறது! முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவைச் சேர்த்தால், அமைலேஸ் கெட்டித்தன்மையைக் குறைப்பதால், அதே அளவு கஞ்சியில் அதிக மாவைக் கரைத்து ஊட்டலாம். காசு செலவில்லாத இவ்வழியை ஏழைத் தாய்மாருக்கு எடுத்துரைப்பது நம் போன்ற மாணவியரின் கடமையன்றோ? ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். பச்சிளங் குழந்தையின் கணையத்தில் அமைலேஸ் மிகக் குறைவு. தாய்ப்பாலிலோ கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸும் கலந்தே வருகிறது.

ஒரு என்சைம் குறைந்தால்

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று கூறும் பிள்ளையைச் சாக்குச் சொல்வதாக நாம் கடிந்துகொள்கிறோம். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் வேண்டும். குழந்தைப் பருவம் கடந்ததும் இது பலருக்குக் குறைந்துவிடுகிறது. உலகிலுள்ள பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகையோர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இது நோயும் அன்று, பிடிவாதமும் அன்று. தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்னமே சிதைத்துவிடுவதால், பால் ஒவ்வாதவருக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

வேறு சில குறைகள் இவ்வளவு எளியன அல்ல. நார்வே நாட்டில் போர்க்னி எகெலாண்ட் என்ற தாயின் இரு குழந்தைகளும் பிறக்கும்போது நன்றாக இருந்து, பின்னர் அறிவு வளர்ச்சி குன்றிப் போயினர். அவர்கள் மேல் ஒரு விநோத வாடை வீசுவதை அத்தாய் கவனித்தாள். மருத்துவர் பலரிடம் கேட்டும் விடை கிடைக்கவில்லை. அவளோ கேட்பதை விடவில்லை. கடைசியில் 1934-ஆம் ஆண்டில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். ஃபெரிக் குளோரைடு சேர்த்ததும் அது பச்சை நிறமாயிற்று. புரதம் செரித்துக் கிடைக்கும் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்ற வேண்டிய கல்லீரல் என்சைம் ஒன்று வேலை செய்யாததால், அது தேங்கி மூளையைத் தாக்கியது என்ற உண்மை படிப்படியாக வெளிப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சொட்டு இரத்தத்தால் இக்குறையைக் கண்டறியும் சோதனை 1960-களின் தொடக்கத்தில் வந்தது. அதன் பிறகு, அந்த அமினோ அமிலம் குறைந்த தனி உணவைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்து, எத்தனையோ குழந்தைகள் நன்றாக வளர்ந்து படித்து வாழ்கின்றனர். ஒரு தாய் சலிக்காமல் கேட்ட கேள்வியே இதற்கெல்லாம் தொடக்கம்.

முடிவாக

என்சைம் அடங்கியது என்று விளம்பரம் செய்யப்படும் டானிக்குகளை நம்பி நாமாக வாங்கி உண்ணத் தேவையில்லை. என்சைமும் புரதமே, வாயால் உட்கொள்ளும் புரதத்தை இரைப்பை சாதாரண உணவாகக் கருதிச் செரித்துவிடக்கூடும். கணையம் பழுதானவர்களுக்கு மருத்துவர் தரும் என்சைம் மாத்திரைகள், அமிலத்தைத் தாங்கும் உறையிட்டுச் செய்யப்படுபவை. அவற்றைத் தருவது மருத்துவரின் பொறுப்பு. உடல்நலமுள்ளவருக்கு வேண்டியது வேளைக்கு உணவு, நன்றாக மெல்லுதல், அமைதியான மனம் ஆகிய மூன்றே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றிப் பேசாமல், செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பொருத்தம்!

தோழியரே! ஒரு கவளம் சோறு செரிப்பதற்கு இத்தனை என்சைம்கள் உழைக்கின்றன. அதைக் கண்டறிய லாரா பாசி கற்பித்தார், ஸ்பல்லன்சானி துணிப்பையை விழுங்கினார், சம்னர் ஒரு கையால் போராடினார், மாட் மென்டன் கடல் கடந்தார், ஒரு தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் விடை காணாத கேள்விகள் பல உள. அவற்றுள் ஒன்றையேனும் கேட்கும் துணிவு நம்முள் ஒருத்திக்கு வந்தால், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாங்கள் பெற்றவர்களாவோம்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு அறிவியல் பிரிவு மாணவியர்